வாய்வழி நிக்கொற்றீனும் புகை விடுதலையும்: ஆரையம்பதிச் சூழலை முன்வைத்து ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

ஒரு பழக்கத்தைக் கைவிடுவதற்கு மற்றொரு பழக்கத்தைத் துணையாகக் கொள்ளலாமா என்பது பழைய வினா. அவ்வினா இன்று புதிய வடிவில் நம்முன் வந்து நிற்கின்றது. மின்சிகரட்டின் ஆவியை உள்ளிழுக்கும் பழக்கத்திற்கு ஆட்பட்டோர் அதனை விட்டொழிப்பதற்கு, உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் வைத்துக்கொள்ளும் நிக்கொற்றீன் பொதிகள் பயன்படுமா என மேலைநாடுகளில் வினவப்படுகின்றது. இலங்கையில் 2016 ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் மின்சிகரட்டுகளையும் புகையற்ற புகையிலை உற்பத்திகளையும் தடைசெய்தன. ஆயினும் தடை ஒன்றினால் மட்டும் பழக்கம் அற்றுப்போவதில்லை. பிறநாடுகளிற் தொழில் புரிந்து மீளும் இளைஞர் வழியாகவும் மறைமுக வணிகத்தின் வழியாகவும் இவை ஊர்களை எட்டக்கூடியன. ஆதலின் இவ்வினா நமக்கும் உரியதேயாகும்.

இவ்வினாவை மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களுள் ஒன்றான ஆரையம்பதியின் சூழலில் வைத்து நோக்க முற்படுகின்றோம். இதற்குக் காரணம் உண்டு. நிக்கொற்றீனை வாயில் வைத்து உடலிற் சேர்த்துக்கொள்ளும் முறை இப்பிரதேசத்திற்குப் புதியதன்று. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றுடன் புகையிலையைச் சேர்த்துச் சப்பும் வழக்கம் பல தலைமுறைகளாக இங்கு நிலவி வருகின்றது. 'சுருட்டை விட்டுவிட்டேன், இப்போது வெற்றிலை மட்டுந்தான்' என்னும் கூற்றும் நம் முதியோரிடையே கேட்கக்கூடியதே. வேறு நாட்டார் இன்று சோதித்தறிய முயலும் ஒன்றனை நம் மூத்தோர் தம் வாழ்நாளிலேயே செய்து பார்த்துள்ளனர். அவ்வனுபவம் யாது கற்பிக்கின்றது என்பதையும் விஞ்ஞான ஆய்வுகள் யாது கூறுகின்றன என்பதையும் ஒருங்கு வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஊரும் வெற்றிலை வழக்கும்

ஆரைப்பற்றை என்னும் பழம்பெயரையும் உடைய ஆரையம்பதி, காத்தான்குடிக்குத் தெற்கே, கிழக்கிற் கடலும் மேற்கில் வாவியும் அமைய இடைப்பட்ட நிலத்தில் உள்ளது. மீன்பிடித்தல், நெற்செய்கை, கைத்தொழில் என்பன இப்பகுதி மக்களின் மரபுத் தொழில்கள். இத்தொழில்கள் யாவற்றோடும் வெற்றிலை இணைந்தே வந்துள்ளது. விருந்தினர் முன் வெற்றிலை வட்டா வைத்தலும், மங்கல நிகழ்வுகளுக்கு வெற்றிலை வைத்து அழைத்தலும், கோயிற் சடங்குகளில் வெற்றிலை பாக்கு மடை வைத்தலும் மட்டக்களப்புப் பண்பாட்டின் பிரிக்கவியலாக் கூறுகளாகும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் இன்றியமையாதது. வெற்றிலை வழக்கு தொன்மையானது. புகையிலை வழக்கு பிற்காலத்தது. சிலப்பதிகாரத்திலே, மதுரைப் புறஞ்சேரியில் உணவு உண்ட கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் அளித்த செய்தி இடம்பெறுகின்றது. கண்ணகி வழிபாடு சிறந்து விளங்கும் மட்டக்களப்புப் பிரதேசத்தார்க்கு இச்செய்தி புதியதன்று. ஆனால் அக்காலத் தாம்பூலத்தில் புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்துத் தாவரமாகிய புகையிலை, ஐரோப்பியர் கீழைத்தேயங்களுக்கு வந்த பின்னரே இந்நாடுகளில் பரவிற்று. பரவிய பின்னர் அது பெற்ற செல்வாக்குப் பெரிது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர்வரை ஏற்றுமதி செய்யப்பட்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூதாக அனுப்பும் சிற்றிலக்கியம் ஒன்றைப் பாடும் அளவிற்கு அது தமிழர் வாழ்விற் கலந்தது. புகைக்கும் இலை என்று பெயர் பெற்ற ஒன்றைப் புகைக்காது சப்புவோர் தொகையும் பெருகிற்று.

எனவே புகையிலையை நீக்குதல் என்பது மரபை நீக்குதல் ஆகாது. சடங்கிற்குரிய வெற்றிலையில் புகையிலைக்கு இடமில்லை. 'இது நம் முன்னோர் வழக்கம்' என்று புகையிலைக்கு அரண் செய்ய முற்படுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

புகைத்தலைவிடச் சப்புதல் வாவித் தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தமையும் நோக்கத்தக்கது. இரவில் தோணியிலிருந்து வலை வீசுவோர்க்குக் காற்றிலும் ஈரத்திலும் நெருப்பைப் பேணுதல் அரிது; இரு கைகளும் வேலையில் ஈடுபட்டிருக்கும். வாயில் அடக்கிய வெற்றிலையோ நெருப்பையும் வேண்டாது, கையையும் வேண்டாது; உறக்கத்தையும் பசியையும் ஓரளவு தள்ளிவைக்கும். நெருப்பு இயலாத இடத்தில் நிக்கொற்றீன் வாய்வழியை நாடுகின்றது. இக்குறிப்பு பின்னர் வரும் செய்தியொன்றை விளங்கிக்கொள்ளத் துணையாகும்.

3. சுண்ணாம்பின் தொழில்

வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்ப்பது சிவப்பு நிறத்திற்கும் காரத்திற்கும் மட்டுமே என்று பலர் கருதுவர். அதன் தொழில் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. நிக்கொற்றீன் ஒரு மென்காரம். அமிலத் தன்மையான சூழலில் அது மின்னேற்றம் பெற்ற நிலையில் இருக்கும். அந்நிலையில் வாயின் உட்சவ்வை எளிதிற் கடவாது. சூழல் காரத்தன்மை அடையும்போது அது மின்னேற்றமற்ற நிலைக்கு மாறி, கன்னத்தின் உட்புறத்தினூடாக இரத்தத்தைச் சென்றடையும். சுண்ணாம்பு இம்மாற்றத்தையே செய்கின்றது. இரசாயனம் அறியாத காலத்தில் அனுபவத்தால் மட்டும் கண்டறியப்பட்ட நுட்பம் இது.

தற்கால உற்பத்திகளும் இதே விதியைப் பின்பற்றுகின்றன. நிக்கொற்றீன் சவைபசையிலும் நிக்கொற்றீன் பொதியிலும் சோடியம் காபனேற்று போன்ற காரப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. புளிப்பான பானத்தையோ கோப்பியையோ அருந்திய உடனே சவைபசையை மெல்லலாகாது என்று அறிவுறுத்தப்படுவதும் இதனாலேயே. அமிலம் நிக்கொற்றீனின் உறிஞ்சலைக் குறைத்துவிடும்.

மின்சிகரட்டின் வழி இதற்கு நேர்மாறானது. அதன் திரவங்கள் பலவற்றில் நிக்கொற்றீனுடன் பென்சோயிக்கு அமிலம் போன்ற அமிலம் சேர்க்கப்பட்டு உப்பு நிலையில் அமைந்துள்ளது. அதனால் தொண்டையில் எரிவு குறைகின்றது. எரிவு குறைவதால் மிகுந்த அளவு நிக்கொற்றீனை எளிதாக உள்ளிழுக்க முடிகின்றது. இளைஞர் இருமலோ வெறுப்போ இன்றி விரைவாக ஆட்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

சிகரட்டின் வழியாக நுரையீரலை அடையும் நிக்கொற்றீன் ஏறத்தாழப் பத்து முதல் இருபது செக்கன்களில் மூளையைச் சென்றடைகின்றது. வாய்வழியில் அது உச்சநிலை எய்த அரைமணி நேரமளவு செல்லும். ஒரு பொருள் எத்துணை விரைவாக மூளையை அடைகின்றதோ அத்துணை வலிதாக அதன் பிடியும் அமையும். விரைவான வழியிலிருந்து மெதுவான வழிக்கு ஒருவரை மாற்றிப் பின்னர் அம்மெதுவான வழியையும் படிப்படியாகக் குறைத்தல் என்பதே வாய்வழி நிக்கொற்றீன் மருத்துவத்தின் அடிப்படையாகும்.

4. நீர்மூழ்கிக் கப்பலிற் பிறந்த மருந்து

இம்மருத்துவம் தோன்றிய வரலாறு சுவையானது. 1967 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரைச் சேர்ந்த கிளாஸ் லுண்ட்கிரென் என்னும் ஆய்வாளர், நீர்மூழ்கிக் கப்பல்களிற் பணிபுரிந்த மாலுமிகளிடையே ஒரு செய்தியை அவதானித்தார். கப்பலினுள் புகைக்க இயலாத வேளைகளில் அவர்கள் வாய்ப் புகையிலைக்கு மாறினர். அதனாற் புகைக்கும் விருப்பம் தணியப் பெற்றனர். இதனை அவர் மருந்து நிறுவனமொன்றிற் பணியாற்றிய ஓவே ஃபெர்னோ என்பவருக்குத் தெரிவித்தார். ஃபெர்னோவின் முயற்சியால் புகையிலை நீங்கிய, அளவிடப்பட்ட நிக்கொற்றீன் மட்டும் அடங்கிய சவைபசை உருவாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 1984 ஆம் ஆண்டு அதற்கு அனுமதி வழங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டு நிக்கொற்றீன் பதிலீட்டு மருத்துவத்தை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமியும் வாவித் தோணியின் மீனவரும் ஒரே காரணத்தால் ஒரே வழியை நாடியுள்ளனர். ஆனால் விளைவுகள் வேறுபட்டன. ஓரிடத்தில் அவ்வழக்கம் மருந்தாக மாற்றப்பட்டது. மற்றோரிடத்தில் அது வாழ்நாள் முழுவதும் தொடரும் பழக்கமாகவே நின்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, தூய்மை. சவைபசையில் புகையிலை இலை இல்லை, பாக்கும் இல்லை. இரண்டாவது, அளவு. ஒரு துண்டில் 2 மி.கி. அல்லது 4 மி.கி. நிக்கொற்றீன் மட்டுமே உண்டு. விழித்தெழுந்து அரைமணி நேரத்திற்குள் புகைப்பவர்க்கு 4 மி.கி. உரியது, ஏனையோர்க்கு 2 மி.கி. போதுமானது. மூன்றாவது, முடிவு. முதல் ஆறு வாரங்கள் ஒன்று முதல் இரண்டு மணித்தியாலத்திற்கு ஒன்று, அடுத்த மூன்று வாரங்கள் இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்திற்கு ஒன்று, இறுதி மூன்று வாரங்கள் நான்கு முதல் எட்டு மணித்தியாலத்திற்கு ஒன்று எனக் குறைத்துப் பன்னிரண்டு வாரங்களில் நிறுத்துதல் வேண்டும். வெற்றிலை வட்டாவிலோ இத்தகைய கால எல்லை எதுவும் இல்லை.

மெல்லும் முறையும் கவனத்திற்குரியது. இனிப்புப் பசையைப் போல் இடைவிடாது மெல்லுதல் தவறு. காரச்சுவை தோன்றும்வரை மெதுவாக மென்று, பின் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, சுவை தணிந்ததும் மீண்டும் மெல்லுதல் வேண்டும். வெற்றிலையை அடக்கி வைக்கும் நம்மவர்க்கு இம்முறையைக் கற்பித்தல் கடினமன்று. இவ்வாறு முறையாகப் பயன்படுத்தப்படும் பதிலீட்டு மருந்துகள் சிகரட்டை விடுவோரின் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன என்பது நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளாற் தெளிவாகிய முடிபாகும்.

5. வாய் தரும் சான்று

வாய்வழி நிக்கொற்றீன் தூய்மையும் அளவும் முடிவும் இன்றி வழங்கிய இடத்தில் நேர்ந்தது யாது? இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் முதன்மையானது வாய்ப் புற்றுநோய் என்பதே அதற்கு விடையாகும். அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் புகையிலையுடன் கூடிய வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணி என 1985 ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. 2003 ஆம் ஆண்டு கூடிய அதன் நிபுணர் குழு, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் அத்தகையதே என முடிவு செய்தது. பாக்கு மட்டுமே வாயின் உட்சவ்வைத் தடித்து இறுகச் செய்யவல்லது. அந்நோய் முற்றிய நிலையில் வாயைத் திறந்து ஒரு கவளம் சோறு உண்பதும் அரிதாகிவிடும்.

பாக்கைப் பற்றி மேலும் ஓர் உண்மை உண்டு. அதிலுள்ள அரிகோலின் என்னும் பொருள், நிக்கொற்றீன் செயற்படும் மூளை ஏற்பிகள் சிலவற்றிலே தானும் செயற்படுகின்றது என 2015 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. புகையிலையை நீக்கிவிட்டுப் பாக்கை மட்டும் தொடர்வோரும் பழக்கத்தின் பிடியிலிருந்து முற்றாக விடுபடாமைக்கு இது ஒரு விளக்கமாகலாம்.

ஆகவே சுருட்டிலிருந்து புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கு மாறியவர் நிக்கொற்றீனிலிருந்து விடுபட்டவர் அல்லர். நுரையீரலுக்கு நேரவிருந்த தீங்கின் ஒரு பகுதியை வாய்க்கு மாற்றியவரே அவர். பலர் அதனையும் முழுமையாகச் செய்வதில்லை. வீட்டில் வெற்றிலையும் வெளியிற் புகையுமாக இரண்டையும் தொடர்கின்றனர். 2015 அளவில் நிகழ்ந்த தேசிய மதிப்பீடொன்றில், இலங்கை ஆண்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துவோராகக் காணப்பட்டனர். ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாக அமைந்திருப்பின் இரண்டுமே இவ்வாறு பரந்து நிலவ இடமிராது.

6. நிக்கொற்றீன் பொதியின் இடம்

இனி நிக்கொற்றீன் பொதியை நோக்குவாம். தாவர நார், நிக்கொற்றீன், காரப் பொருள், இனிப்பு, நறுமணச் சுவை என்பன அடங்கிய சிறு வெண்ணிறப் பொதி அது. மெல்லாமலும் துப்பாமலும் உதட்டினடியில் வைத்திருக்கப்படுவது. அதிற் புகையிலை இலை இல்லை, பாக்கும் இல்லை. எனவே தூய்மை என்னும் முதல் அளவுகோலில் அது வெற்றிலை புகையிலையைவிட மேம்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. 2025 ஆம் ஆண்டு சனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் ஒரு நிறுவனத்தின் இருபது வகைப் பொதிகளைச் சந்தைப்படுத்த அனுமதித்தது. சிகரட்டினும் பெரும்பாலான புகையற்ற புகையிலை உற்பத்திகளினும் தீங்கான பொருள்கள் அவற்றிற் குறைவு என்பது அதற்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று. எனினும் அவை பாதுகாப்பானவை என்றோ, பழக்கத்தை விடுவிக்கும் மருந்து என்றோ அந்நிருவாகம் கூறவில்லை.

அளவு என்னும் இரண்டாவது அளவுகோலில் பொதி ஐயத்திற்கு இடமளிக்கின்றது. 3 மி.கி., 6 மி.கி. பொதிகளும் உள, 10 மி.கி.க்கு மேற்பட்டனவும் உள. மருந்துக்குரிய கட்டுப்பாடு அவற்றிற்கு இல்லை. முடிவு என்னும் மூன்றாவது அளவுகோலில் அது முற்றாகத் தவறுகின்றது. படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் முறை அதனோடு விற்கப்படுவதில்லை. தொடர்ந்து வாங்குவோரே அதன் வணிகத்திற்கு அடிப்படை. இம்மூன்றையும் கருதுமிடத்து, பொதி சவைபசைக்கும் வெற்றிலைக்கும் இடைப்பட்டது எனலாம். பொருளில் முன்னதையும் பயன்பாட்டில் பின்னதையும் ஒத்தது.

இக்கருத்திற்கு மறுப்பாகச் சுவீடன் நாடு காட்டப்படுவதுண்டு. அங்கு ஆண்கள் பலர் சிகரட்டை விட்டு, 'சுனூஸ்' எனப்படும் வாய்ப் புகையிலைக்கு மாறினர். நுரையீரற் புற்றுநோய் அங்குள்ள ஆண்களிடையே ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த அளவினதாகக் காணப்படுகின்றது. இச்சான்று வலிமையுடையது, புறக்கணிக்கத்தக்கதன்று. புகைப்பவர் ஒருவர் முற்றாக வாய்வழிக்கு மாறுவாராயின் அவரது நுரையீரலுக்கு நன்மை விளையும் என்பதை அது காட்டுகின்றது. ஆனால் அச்சான்று சிகரட்டை விடுவோர்க்குரியது, மின்சிகரட்டை விடுவோர்க்குரியதன்று. மேலும் அது நிக்கொற்றீனிலிருந்து விடுதலை பெற்றதைக் காட்டுவதும் அன்று.

7. மின்சிகரட்டை விடுவோரின் நிலை

சிகரட் புகைப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணிக் கூறமுடியும். அவ்வெண்ணிக்கையைக் கொண்டு வைத்தியர் மருந்தின் அளவைத் தீர்மானிக்கலாம். மின்சிகரட்டுக்கு அத்தகைய எண்ணிக்கை இல்லை. அது அணைவதுமில்லை, சாம்பலாகி முடிவதுமில்லை. இருக்கையிலும் படுக்கையிலும் சிறிது சிறிதாக இழுக்கப்படுவது. திரவத்தின் செறிவும் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மி.கி. என எல்லை வகுத்துள்ளது. பிறவிடங்களில் 50 மி.கி. செறிவுள்ளனவும் விற்கப்பட்டுள்ளன. எனவே எத்தனை மி.கி. பொதி அல்லது பசை அதற்கு ஈடாகும் என்பதைக் கணித்தல் எளிதன்று.

கொக்கிரேன் ஆய்வமைப்பு 2025 ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியிட்ட தொகுப்பாய்வு, மின்சிகரட்டை விடுவதற்கான வழிகளைப் பற்றிய ஒன்பது ஆய்வுகளை ஆராய்ந்தது. அவற்றிற் பங்குபற்றியோர் தொகை ஐயாயிரத்திற்கு மேற்பட்டது. 13 முதல் 24 வரையான வயதினர்க்குக் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்திகள் வாயிலாக வழங்கப்படும் துணையும், வளர்ந்தோர்க்கு வரெனிக்கிளின் என்னும் மருந்தும் பயன்தரக்கூடும் என்று அது கண்டது. அச்சான்றும் மேலும் உறுதிப்படுத்த வேண்டியதே. நிக்கொற்றீன் பதிலீடு பற்றித் தெளிவான முடிபு கூறப் போதிய சான்று இல்லை. நிக்கொற்றீன் பொதியைப் பற்றிய ஆய்வுகளோ மிகச் சில. அவற்றுட் பெரும்பாலானவை சிகரட் புகைப்போரைப் பற்றியன. ஆகவே 'பொதி மின்சிகரட்டை விடுவிக்கும்' என்று துணிந்து கூறுவோரின் கூற்று சான்றின் எல்லையைக் கடந்ததாகும்.

இங்கு ஒரு பகுப்பு வேண்டற்பாலது. முன்னர் சிகரட் புகைத்து, அதனை விடும்பொருட்டு மின்சிகரட்டை நாடியவர் ஒருவகையினர். ஒருநாளும் புகைத்தறியாது மின்சிகரட்டிலேயே தொடங்கிய இளைஞர் மற்றொரு வகையினர். முதல் வகையினர் மின்சிகரட்டை விடும் வேகத்தில் மீண்டும் சிகரட்டிற்கே திரும்புவாராயின் நட்டம் பெரிது. எரியும் புகையிலையின் தீங்கு ஏனையவற்றிலும் மிக்கது. அவர்க்கு அளவிட்ட வாய்வழி நிக்கொற்றீன் ஓர் ஊன்றுகோலாகலாம். இரண்டாம் வகையினர்க்கு அத்தேவை குறைவு. அவரிடம் பொதியைக் கொடுத்தல், ஆவியில் தொடங்கிய பழக்கத்திற்கு வாயிலும் ஓர் இடம் அமைத்துக் கொடுத்தலாக முடியலாம்.

8. ஊரளவிற் கருதத்தக்கன

இவ்வாய்விலிருந்து நம் ஊர்களுக்கு உரியனவாகச் சில கருத்துக்களை முன்வைக்கின்றோம்.

விட விரும்புவோர்க்கு முதல் துணை மனிதத் துணையே. புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபை 1948 என்னும் தொலைபேசி எண் வாயிலாக ஆலோசனை வழங்கி வந்துள்ளது. குவாம், சாய்ப்பான் தீவுகளில் வெற்றிலைப் பாக்குப் பழக்கமுடையோரிடம் குழுமுறையில் நடத்தப்பட்ட ஆலோசனையும் பயன்தந்தமை 2021 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வினாற் தெரியவருகின்றது. ஊர்ச் சனசமூக நிலையங்களும் கோயில் நிருவாகத்தினரும் மீனவர் சங்கங்களும் இத்தகைய குழுக்களுக்கு இடமளிக்கலாம்.

வாய்வழி நிக்கொற்றீனை நாடுவோர் வைத்தியரின் அறிவுரையுடன், அளவும் கால எல்லையும் உடைய மருந்தையே நாடுதல் வேண்டும். தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். பதினெட்டு வயதிற்குட்பட்டோரும் கருவுற்ற தாய்மாரும் இருதய நோயுடையோரும் வைத்திய ஆலோசனையின்றி எதனையும் கைக்கொள்ளலாகாது. புகையிலை சேர்ந்த வெற்றிலையை எவர்க்கும் புகைக்கு மாற்றாகக் கூறலாகாது. ஏற்கனவே நெடுங்காலம் சப்பி வருவோர் வாயில் வெண்மையான அல்லது சிவந்த திட்டோ, இரு வாரங்களில் ஆறாத புண்ணோ, வாய் திறப்பதில் இறுக்கமோ காணின் தாமதியாது பல்வைத்தியரிடம் அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிற் காட்டுதல் வேண்டும். தொடக்கத்திற் கண்டறியப்படும் வாய்ப் புற்றுநோய் குணப்படுத்தக்கூடியது.

9. முடிபு

வாய்வழி நிக்கொற்றீன் புகையை விட உதவுமா என்னும் வினாவிற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. அளவும் தூய்மையும் முடிவும் உடையதாயின், சிகரட்டை விடுவோர்க்கு அது உதவும், இது நிறுவப்பட்டது. மின்சிகரட்டை விடுவோர்க்கு உதவுமா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. முடிவற்ற வாய்வழி நிக்கொற்றீன் ஒருவரை விடுவிப்பதில்லை என்பதையோ, வாவிக்கரையின் வெற்றிலை வரலாறு நன்கு எடுத்துக்காட்டியுள்ளது. பொதியை விற்போர் அதனைப் புதுமை என்பர். நம் மூத்தோர் அறிந்த ஒன்றின் புதிய உருவமே அது என நாம் இளைஞர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். கோவலனுக்குக் கண்ணகி அளித்த தாம்பூலத்தில் இல்லாத ஒன்றை நம் வட்டாவிலிருந்து விலக்குவதால் மரபு குறைபடப் போவதில்லை. அதனை இளைஞர் நாவினடியில் மீண்டும் வைக்காது காப்பதே இன்றைய கடமையாகும்.